மூடிய லெவலிலிருந்து மூன்று மணி

பக்தவச்சலம் முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன் நின்றிருந்தபோது சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. எவர்சில்வர் டம்ளர் மேல் கரண்டிக் காம்பு. டங், டங், டங். மூன்று.

ரேசர் பாதிக் கன்னத்தில் நின்றுவிட்டது. பெங்களூர் ஜீவனஹள்ளியில் அந்த நேரத்துக்கு ரயில் கூவும், எதிர்வீட்டு மிக்சி அலறும், தண்ணீர் லாரிக்காரன் ஹாரனை விட்டுக் கையெடுக்க மாட்டான். இத்தனைக்கும் நடுவே அந்த மூன்று தட்டு மட்டும் அவருக்குத் தனியாகக் கேட்டது. கோலார் தங்கவயலில் பதின்மூன்று வருஷம் மணிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே பிழைத்த காது அது.

"கிருஷ்ணா! நெசமாவா?"

"நெசந்தான். ஊருக்கே சொல்லு" என்றாள் கிருஷ்ணம்மாள் உள்ளேயிருந்து. குரலில் வெட்கம் இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் வெட்கப்பட ஒரு காரணம் கிடைத்த சந்தோஷமும் இருந்தது. "நின்னு போச்சின்னு நெனச்சேன். திரும்பி வந்துகீது. மூஞ்சத் தொடச்சிக்கினு வந்து காபியப் போடு."

பக்தவச்சலம் பாதி தாடியோடு போய்ப் பாலை அடுப்பில் வைத்தார். அன்று அவருக்கு இருந்த மகிழ்ச்சி, தங்கவயல் சுரங்கத்தை மறுபடி திறக்கப்போகிறார்கள் என்று இரண்டு வருஷத்துக்கொருமுறை யாராவது கிளப்பிவிடும்போது வருமே, அதே வகை. அங்கே ஆண்டர்சன்பேட்டை டீக்கடைக் கூட்டம் முழுக்க ஒரு வாரத்துக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும். அப்புறம் பழையபடி கூன் விழும்.

அந்த மூன்று தட்டின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

பக்தவச்சலம் சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் டிரைவர். ஆட்களை ஏற்றிய கூண்டைத் தரையிலிருந்து பல ஆயிரம் அடி கீழே விடுவதும் மேலே இழுப்பதும் அவர் வேலை. மேலே மழை கொட்டும்போது இறங்குகிறவன் கீழே போய்ச் சேரும்போது சித்திரை வெயில் ஆரம்பித்திருக்கும்; ஆழம் அப்படி, சூடும் அப்படி. கூண்டு ஓடுவது அவர் கண்ணுக்குத் தெரியாது. ஆழம் காட்டும் முள்ளும், கீழேயிருந்து வரும் மணியும்தான் அவருக்குக் கண். ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு என்றால் கீழே இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறியிருக்கிறது, மெதுவாக ஓட்டு. கூண்டுக்கு அடியில் கோழிமுட்டையை வைத்து, அதை உடைக்காமல் தொட்டு நிறுத்துவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அது பொய். அது வாத்துமுட்டை.

தொண்ணூற்றிரண்டில் கல்யாணம். சுரங்கக்காரர் குடியிருப்பில் லைன் வீடு, ஒரே அறை. அதில் அம்மா, இரண்டு தம்பிகள், ஒரு ஆட்டுக்குட்டி, இவர்கள் இரண்டு பேர். மாதம் வரும் அந்த நாட்களில் பெண்கள் வெளிச்சுவர் ஓரம் மூன்று நாள் உட்கார வேண்டும் என்பது அந்த லைன் வழக்கம். சுவரோரம்தான் பொதுக்குழாய். குடத்தோடு வருகிற அத்தனை பேருக்கும் இன்றைக்கு யார் தூரம் என்று தெரிந்துவிடும். புதுப்பெண் கிருஷ்ணம்மாள், "நான் இன்னா கண்காட்சியா?" என்று உட்கார மறுத்தாள். ஆனால் புருஷனுக்காவது சொல்ல வேண்டுமே! மாமியார் காதுக்கும் மச்சினன்கள் காதுக்கும் நடுவே அந்த அறையில் ரகசியம் பேச இடம் இல்லை. எஞ்சின் ரூமுக்குச் சாப்பாடு எடுத்துப் போனபோது மணியடிக்கும் கணக்கைக் கேட்டு வைத்திருந்தாள். ஒருநாள் காலை டம்ளரை மூன்று முறை தட்டினாள். ஆள் ஏறியிருக்கிறது, மெதுவாக ஓட்டு.

டிரைவருக்குப் புரிந்தது. அந்த மூன்று நாளும் அவரே தண்ணீர் பிடித்தார், காபி போட்டார். குழாயடியில் ஆண்கள் எல்லாரும் "இன்னா பக்தா, பொடவ கட்டிக்கினு வாயேன்" என்று சிரித்தார்கள். இரண்டு குடத்தை எடுத்து வந்த மனிதர் நாலு குடமாக எடுத்துப் போனார். ஒரு மாதம் தட்டுச் சத்தமே வரவில்லை. டம்ளர் நசுங்கிவிட்டதோ என்று புது டம்ளர் வாங்கி வந்தார். அதற்கும் அடுத்த மாதம் அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். இன்றைக்குச் சந்தாபுராவில் புருஷனோடு இருக்கும் மகள் சங்கமித்ரா, அந்தப் புது டம்ளரோடு வந்தவள்.

எஞ்சின் டிரைவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. ஷிப்டில் நடந்ததை எழுதி வைக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது. ஆகவே டம்ளர் தட்டிய நாளெல்லாம் மாதக் காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே மூன்று சின்னப் புள்ளி வைத்தார். சுரங்கத்து ஆஸ்பத்திரி சுவரில் இருபத்தெட்டு நாள் என்று ஒரு படம் பார்த்திருந்தார். எஞ்சின் என்றால் முள் சொன்ன இடத்தில்தானே நிற்க வேண்டும்? ஒருமுறை முப்பத்தொன்றாம் நாள் வந்தபோது, தேய்ந்த கம்பிக் கயிற்றைப் பார்ப்பதுபோல மனைவியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில், புருஷன் நைட் ஷிப்ட் போனால் மனைவிக்கு மூன்று நாள் தள்ளிப் போகும் என்று ஒரு விதி கண்டுபிடித்தார். இரண்டாயிரத்தொன்றில் சுரங்கத்தை மூடினார்கள். நைட் ஷிப்ட் இல்லை. அப்போதும் முப்பது, இருபத்தாறு, முப்பத்தொன்று என்று வந்தது. விதியை யாரிடமும் சொல்லாமல் இருந்ததற்குச் சந்தோஷப்பட்டார்.

அதற்கப்புறம் பெங்களூர். காக்ஸ் டவுனில் ஒரு நர்சிங் ஹோம், தரைத் தளத்துக்கு மேல் மூன்று மாடி. அங்கே பக்தவச்சலம் லிப்ட் ஆபரேட்டர். பல ஆயிரம் அடி ஓட்டிய கைக்கு இது பொத்தான் அழுத்துகிற வேலை. மூச்சு விட்டு முடிப்பதற்குள் மூன்றாவது மாடி வந்துவிடும். இருந்தாலும் அவருடைய சுரங்கக் கதைகளுக்கு அங்கே நல்ல கிராக்கி. மூன்று மாடிக்குள் ஒரு கதையும் முடியாது என்பதால் தவணை முறையில்தான் சொல்வார். கால் உடைந்து வந்த ஒருவர், கட்டுப் பிரித்த பிறகும் மீதிக் கதைக்காக நாலு தடவை வந்துபோனார்.

அன்றைக்கு லிப்டில் ஏறிய முதல் ஆள் ஸ்டாப் நர்ஸ் மெர்சி. அவளும் தங்கவயல்காரி. சாம்பியன் ரீப்பில் பிறந்தவள்.

"இன்னாண்ணா, பாதி தாடி ஷேவ் பண்ணி, பாதிய விட்டுட்டீங்க? ஏதாச்சும் வேண்டுதலா?"

பக்தவச்சலம் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "ஒரு சந்தோஷ சமாச்சாரம், மெர்சிம்மா. எனுக்கு இல்ல. என் சிநேகிதன் வூட்ல."

"சொல்லுங்க."

"அவன் சம்சாரத்துக்கு மாசா மாசம் வர்றது நின்னு போச்சி. இப்ப மறுபடியும் வந்துடுச்சி. வயசு திரும்புதுன்னு ரெண்டு பேருக்கும் குஷி."

மெர்சியின் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகக் கீழே இறங்கியது. மூன்றாவது மாடி வந்தது. அவள் இறங்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நின்னு எவ்ளோ நாளாச்சிண்ணா?"

"பதினாறு மாசம்."

"நல்லா தெரியுமா? இல்ல, குத்துமதிப்பா?"

"எழுதி வெச்சிகீறேன்" என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் நாக்கைக் கடித்தார். "அதாவது, அவன் எழுதி வெச்சிகீறான்."

மெர்சி அதைக் கண்டுகொள்ளாததுபோல இருந்தாள். அந்த நாகரிகம் அவளுக்கு உண்டு. "அண்ணா, ஒங்க சிநேகிதன்கிட்ட சொல்லுங்க. மாசா மாசம் கர்ப்பப்பைக்குள்ள ஒரு மெத்தைய விரிச்சி வெக்கும். விருந்தாளி வந்தா படுத்துக்க. வரலியா, மெத்தையச் சுருட்டி வெளிய போட்டுட்டு, மறுபடியும் புதுசா விரிக்கும். இது கடியாரம் கெடையாது. இருவத்தெட்டு நாள்னு சொல்றது சராசரிதான். இருவத்தொண்ணும் வரலாம், முப்பத்தஞ்சும் வரலாம், ஒரே ஆளுக்கே மாசத்துக்கு மாசம் மாறலாம்."

"நைட் ஷிப்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லியா?"

"யாரோட நைட் ஷிப்ட்?"

"ஒண்ணுமில்ல. சொல்லு."

"அம்பது வயசாண்ட ஆனா அந்த வேலை தடுமாறும். ரெண்டு மாசம் வராது, அப்புறம் ஒரேடியா கொட்டும், மறுபடி நாலு மாசம் வராது. அதெல்லாம் போற போக்கு. ஆனா, ஒரு முழு வருஷம் வராம இருந்தா, கடைய மூடிட்டாங்கன்னு அர்த்தம். அதுக்கப்புறம் ஒரு சொட்டு வந்தாலும் அது மாசத்து ரத்தம் இல்லண்ணா. வேற எங்கிருந்தோ வருது. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. சில பேருக்கு அதான் கேன்சரோட முதல் அடையாளம். பாக்காம விடக் கூடாது. சிந்து டாக்டர் புதன்கிழமை இருக்காங்க. அண்ணிய…" என்று நிறுத்தி, "அந்த சிநேகிதன் சம்சாரத்த கூட்டிக்கினு வரச் சொல்லுங்க" என்றாள்.

அன்று முழுக்க பக்தவச்சலம் லிப்டில் யாருக்கும் கதை சொல்லவில்லை. முதல் மாடி கேட்டவர்களை மூன்றாவது மாடியிலும், மூன்றாவது மாடி கேட்டவர்களைத் தரையிலும் இறக்கிவிட்டார். வாத்துமுட்டையெல்லாம் உடைந்த நாள் அது.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கிருஷ்ணம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"லிப்ட்ல வெச்சி என் கதைய சொன்னியா?"

"சிநேகிதன் சம்சாரம்னுதான் சொன்னேன்."

"ஒனுக்கு ஏதுயா சிநேகிதன்? இருந்த ஒருத்தனும் தங்கவயலோட சரி." அவள் மறுபடி அரிசியைப் புடைத்தாள். "நான் வரமாட்டேன். எங்கக்கா யசோதா ஆஸ்பத்திரிக்கு சும்மா காட்டிக்கினு வரேன்னு போனா. வெளிய வர்றப்ப கர்ப்பப்பை இல்ல. வருஷமாயிடுச்சின்னா பயப்படணும்னு சொன்னாங்களா? எனுக்கு எங்க வருஷமாச்சி? போன ஆவணிலதான் வந்துச்சி. சங்கமித்ரா சந்தாபுராவுல வூடு மாத்துனப்ப, சாமான் தூக்க மாட்டேன்னு ஒக்காந்துகினு இருந்தேனே. ஆறு மாசந்தான் ஆவுது."

"அது முட்டிவலி, கிருஷ்ணா."

"ஒனுக்குத் தெரியுமா, எனுக்குத் தெரியுமா?"

பக்தவச்சலம் கட்டிலுக்கு அடியில் குனிந்து, ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயை வெளியே இழுத்தார். இரண்டு பக்கமும் துணி அடைத்திருந்தது. உள்ளே காலண்டர்கள். முப்பத்து மூன்று வருஷத்துக் காலண்டர்கள், சுருட்டி, பழைய தாள் வாசம் மணக்க மணக்க. மேலே இருந்தவற்றைப் பிரித்துத் தரையில் விரித்து நாலு மூலைக்கும் டம்ளர், செம்பு, உழக்கு, செருப்பு என்று வைத்தார்.

"தோ, போன வருஷம். பன்னெண்டு மாசமும் பாரு. ஒரு புள்ளி இல்ல. அதுக்கு முந்தின வருஷம். நவம்பர் ஒம்போது. மூணு புள்ளி. அதான் கடைசி. அதுக்கு முன்ன ஜூலை. அதுக்கு முன்ன மே."

கிருஷ்ணம்மாள் முழங்காலில் கையூன்றி உட்கார்ந்து விரலால் தேதிகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தப் புள்ளி இதுக்கா வெச்ச?"

"நீ எதுக்குன்னு நெனச்ச?"

"எலி மாட்டுன நாள்னு நெனச்சேன்யா, இவ்ளோ வருஷமா. மாசத்துக்கு ஒண்ணு சரியா மாட்டுதே, நம்ம வூட்டு எலிங்க ஒழுங்கா வரிசைல வருதேன்னு."

அவள் சிரித்தாள். பிறகு குழாய்க்குள் கைவிட்டு அடியில் இருந்த பழைய காலண்டர் ஒன்றை இழுத்தாள். தொண்ணூற்று நாலு. அட்டையில் அச்சிட்டிருந்த மளிகைக் கடைக்காரர் படத்தின் மூக்குக் கண்ணாடியை எலி கடித்திருந்தது. ஏப்ரல் வரை புள்ளிகள். மேயிலிருந்து வெறுமை. ஜூன் பதினேழாம் தேதிக்குக் கீழே மட்டும், "புது டம்ளர்" என்று பென்சில் எழுத்து. அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். லைன் வீட்டுக் கூரைத் தகரத்தின் சூடும், குழாயடிச் சண்டையும், ஷிப்டு முடிந்ததும் ஊதும் சங்கும் அந்தத் தாளுக்குள் சுருண்டு கிடந்ததுபோல இருந்தது. அவருக்கும்தான். ஆனால் அவர் காலண்டரைச் சுருட்டி உள்ளே வைப்பதாக இல்லை.

"புதன்கெழம போலாம்."

"மாட்டேன்யா. வந்தது வந்துட்டுப் போவுது. மூணு நாள்ல நின்னுடும்."

பக்தவச்சலம் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அந்த தொரை பேய் கதை ஞாபகம் கீதா ஒனுக்கு?"

அவளுக்கு ஞாபகம் இல்லாமல் போகுமா? இருபத்தைந்து வருஷமாக அவர் சொல்லாத ஆள் இல்லை. வருஷக்கணக்காக மூடிக் கிடந்த ஒரு லெவலிலிருந்து, அதாவது சுரங்கத்தின் ஒரு அடுக்கிலிருந்து, ஒருநாள் திடீரென்று மூன்று மணி வந்தது. அங்கே மனுஷவாடையே கிடையாது. அந்தக் காலத்து வெள்ளைக்கார துரை ஒருவரின் ஆவிதான் கூண்டு கேட்கிறது என்று இவர் கண்டுகொண்டார். இரண்டு புட்டி பீரும் வறுத்த முந்திரியும் அனுப்பினார். காலிப் புட்டி மேலே வந்தது, கூடவே இங்கிலீஷில் ஒரு நன்றிக் கடிதம். அதில் இரண்டு எழுத்துப் பிழை இருந்ததாக இவர் சொல்வார்.

"முந்திரியில உப்பு கம்மின்னு கூட எழுதியிருந்துச்சின்னு சொல்லுவியே" என்றாள்.

"பீரும் இல்ல, முந்திரியும் இல்ல, கிருஷ்ணா. மணி மட்டும் நெசம்." அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மூணு மணி வந்துச்சி. பேய் ஆள் ஏத்துதுடான்னு எல்லாரும் சிரிச்சாங்க. எனுக்கும் சந்தோஷமா இருந்துச்சி. மூடுன லெவல தெறந்துட்டாங்களோன்னு. கை லீவர்மேல போயிடுச்சி. ஆனா ரூல் இன்னா? எதிர்பாக்காத எடத்துலேர்ந்து மணி வந்தா, ஓட்டக் கூடாது. கீழ ஆள் அனுப்பி, யார் அடிச்சதுன்னு கேட்டுட்டுதான் ஓட்டணும். அனுப்புனேன். போய்ப் பாத்தா, தண்ணி ஊறி ஊறி மேல முட்டுக் கொடுத்த மரம் நழுவி, கூண்டு போற வழியில நீட்டிக்கினு, மணிக் கம்பிய இழுத்து இழுத்து வுட்டுக்கினு இருந்துச்சி. கூண்ட விட்டிருந்தேன்னா அது மேலதான் போய் மோதியிருக்கும். கூண்டுக்குள்ள பதினெட்டு பேர். அன்னிக்கி ஷிப்ட் முடிஞ்சி வூட்டுக்கு வந்து, நடுக்கம் நிக்காம குளிர் ஜுரம்னு படுத்துக்கினேனே, நீ கஷாயம் வெச்சிக் குடுத்தியே. அது ஜுரம் இல்ல."

கிருஷ்ணம்மாள் அவரையே பார்த்தாள்.

"ஏன்யா இவ்ளோ வருஷம் சொல்லல?"

"சொன்னா கதை நல்லால்லியே."

வெளியே தண்ணீர் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் எழுந்து குடத்தை எடுக்கப் போனாள். அவர் முந்திக்கொண்டு எடுத்தார்.

"புதன்கெழம எத்தினி மணிக்கு?" என்றாள் அவள்.

சிந்து டாக்டர் சின்னப் பெண். வெளியூரிலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர். கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டபோது, பக்தவச்சலம் பையிலிருந்து காலண்டர்களை எடுத்து மேசைமேல் பிரித்தார். டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்று பார்த்தார். "நான் கேட்டா எல்லாரும் பொங்கல் சமயம், ஆடி சமயம்னு சொல்லுவாங்க. இது என்ன சார், லாக் புக்கா?"

"ஆமா டாக்டர். எழுதாம எறங்கக் கூடாது."

ஸ்கேனில் கர்ப்பப்பை உள்தோல் இருக்க வேண்டியதைவிடத் தடிமனாக இருந்தது. குழாய்போன்ற ஒரு கேமரா விட்டுப் பார்த்து, கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கர்ப்பப்பையை எடுக்கிற பேச்சே இப்போது இல்லை, முடிவு வரட்டும் என்றார் டாக்டர். கிருஷ்ணம்மாள் கடைசி வாக்கியத்தை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

ஆபரேஷன் தியேட்டர் மூன்றாவது மாடியில். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பச்சை அங்கியில் கிருஷ்ணம்மாளை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து மெர்சி லிப்டுக்குள் தள்ளி வந்தாள். அன்றைக்கு லீவு போடு என்று எல்லாரும் சொல்லியும் பக்தவச்சலம் போடவில்லை. வேறொருத்தன் ஓட்டுவதற்கா அவர் பதின்மூன்று வருஷம் கற்றுக்கொண்டார்? சீருடைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். கதவு மூடியது. பொத்தானை அழுத்த வேண்டிய விரல் அங்கேயே நின்றது.

கிருஷ்ணம்மாள் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். வளையலைக் கழற்றிவிட்டிருந்தார்கள். விரல் மோதிரம் மட்டும் கழலாமல் இருந்தது. அதைக்கொண்டு ஸ்ட்ரெச்சர் கம்பியைத் தட்டினாள். டிங், டிங், டிங்.

"இன்னா அண்ணி?" என்றாள் மெர்சி.

"அது ஒண்ணுமில்ல. மெதுவா ஓட்டச் சொல்றேன்."

அந்த லிப்டுக்கு ஒரே வேகம்தான். கம்பெனிக்காரன் அப்படித்தான் செய்திருந்தான். ஆனால் அன்று அது மூன்று மாடி ஏற நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டதாகவும், நின்றபோது ஸ்ட்ரெச்சரின் சக்கரம்கூட அசையவில்லை என்றும் பக்தவச்சலம் இன்றைக்கும் சொல்கிறார். மெர்சியைக் கேட்டால், "அண்ணா சொன்னா சரிதான்" என்கிறாள்.

முடிவு வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் அவர் காலண்டர் பக்கம் போகவில்லை. சுரங்கம் மூடிய வருஷம் எஞ்சின் ரூமில் மணி வராமல் வெறுமனே உட்கார்ந்திருந்த நாட்களை நினைத்துக்கொண்டார். அப்போது மணி வரவேண்டும் என்று ஏங்கியவர், இப்போது வரக் கூடாது என்று டம்ளர்களையெல்லாம் மேல் அலமாரியில் கவிழ்த்து வைத்தார். எட்டாம் நாள் சிந்து டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். உள்ளே சின்னச் சதை வளர்ச்சி, பாலிப் என்பார்கள். அன்றைக்கே எடுத்தாகிவிட்டது. கேன்சர் இல்லை. ஆறு மாதத்தில் ஒருமுறை காட்டிவிட்டுப் போங்கள். மறுபடி ஒரு சொட்டு பட்டாலும் உடனே வாருங்கள்.

"அப்ப இனிமே வராதா டாக்டர்?" என்று பக்தவச்சலம் கேட்டார்.

"வரக் கூடாது சார்."

அவர் தலையை ஆட்டினார். சந்தோஷத்தில்தான் ஆட்டினார். ஆனாலும் கொஞ்சம் கூடுதலாக ஆட்டினார்.

ஒரு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இந்தத் தடவை ஷேவிங்கூட ஆரம்பிக்கவில்லை. அப்போதுதான் பிரஷ்ஷை நனைத்திருந்தார். டங், டங், டங்.

பக்தவச்சலத்துக்கு அறுபது வயது. அறையிலிருந்து சமையலறைக்கு எட்டு அடி. அதை அவர் ஒரே எட்டில் கடந்தார். இது பொய்யில்லை, நடுவில் இருந்த மோடா உடைந்ததே சாட்சி.

"இன்னா கிருஷ்ணா? எவ்ளோ? மெர்சிக்கு போன் போடட்டா? வலி கீதா?"

கிருஷ்ணம்மாள் மேடைமேல் சாய்ந்து காலி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். நல்ல ஆரோக்கியமாக நின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணும் வர்ல. நின்னது நின்னதுதான்" என்றாள். "அது நின்னா, காபி ஏன்யா நிக்கணும்? முப்பது வருஷமா மாசத்துல மூணு நாள் குடிச்ச காபி. ஒனுக்கு இதான் சாக்குன்னு விட்டுடுவியா?"

பக்தவச்சலம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வாங்கி முடித்து, பாலை அடுப்பில் வைத்தார். வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் சட்டைப்பையைத் தடவிப் பென்சிலை எடுத்துக்கொண்டு காலண்டர்வரை போனவர், அங்கேயே நின்றார்.

"புள்ளி வெக்கலாமா? டாக்டர் பாத்தா கொழம்பிடுவாங்களே?"

"வெய்யி வெய்யி" என்றாள் கிருஷ்ணம்மாள், டம்ளரை நீட்டிக்கொண்டு. "பக்கத்துல எலின்னு எழுதிடு. இன்னிக்கி மாட்டிக்கிச்சில்ல?"